ஐஸ்லாந்தை வலம் வருவதா, பாதியில் திரும்புவதா?

போன மாதம் அத்தை மகன் போனில் கேட்டான்: "மச்சான், ஏழு ராத்திரி கையில இருக்கு. ஐஸ்லாந்தை முழுசா ஒரு சுத்து சுத்திரலாமா?"

அவன், அவன் மனைவி, பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் அத்தை. மொத்தம் ஐந்து பேர். வேன் எடுத்து அதிலேயே படுத்துக்கொள்ளலாமா, கார் எடுத்து அறை போடலாமா, மே மாதமா செப்டம்பரா, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அடுத்தடுத்து கேட்டுக்கொண்டே போனான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏஜென்ட் இல்லாமல் தாங்களே திட்டம் போட்டுப் போக நினைக்கிறவர்களுக்கும் உதவும்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை செப்டம்பரில், ஒரு நண்பனோடு வேனில், ஏழு ராத்திரியில் முழு வட்டம். இரண்டாம் தடவை ஜூனில், மனைவியோடு சின்னக் காரில், பதினோரு ராத்திரி. அதுவும் முழு வட்டம்தான். முதல் பயணத்தை நினைத்தால் வைப்பர் ஆடுவதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் மச்சானுக்கு என் பதில்: ஏழு ராத்திரியில் சுற்றாதே, பாதியில் திரும்பு. எத்தனை ராத்திரி இருக்கிறது என்பதை முதலில் எண்ண வேண்டும், யார் யார் வருகிறார்கள் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். வண்டி, மாதம், திசை எல்லாம் அதற்கப்புறம்தான்.

கணக்கு

ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் கீழ். அதில் பாதிக்கு மேல் தலைநகரமான ரெய்க்யவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இருக்கிறார்கள். தீவைச் சுற்றி ஓடும் முதல் எண் சாலையைத்தான் வட்டச் சாலை என்கிறார்கள். நீளம் 1,322 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80, ஊருக்குள் பெரும்பாலும் 50. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகும். நிற்காமல் யார் ஓட்டப்போகிறார்கள்? ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் ஓர் அருவி வரும், பின்சீட்டிலிருந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று குரல் வரும். அருவிக்கும் கடற்கரைக்கும் பிரிந்து போகிற கிளைச் சாலைகளையும் சேர்த்தால் 1,800 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

இன்னொரு பக்கம் நாட்களை எண்ணுங்கள். ஏழு ராத்திரி என்றால் முழு நாட்கள் ஆறுதான். நம் ஊரிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பாவில் ஏதாவது ஓர் ஊரில் மாறி, கெஃப்லவிக்கில் இறங்கும்போது உடம்பு ஒரு நேரத்திலும் கடிகாரம் ஒரு நேரத்திலும் இருக்கும். வந்திறங்கிய நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1,800-ஐ ஆறால் வகுத்தால் நாளுக்கு 300. இது சராசரிதான். ஒரு நாள் புயலில் சாலையை மூடிவிட்டால் அந்த 300-ம் மறுநாள் தலையில் விழும். முதல் பயணத்தில் எங்களுக்கு அதுதான் நடந்தது. மீவாட்ன் ஏரியை மழைக்குள் வேனைக் கூட நிறுத்தாமல் கடந்தோம். அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

வட்டமா, பாதியா

முழு வட்டத்துக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டாம். வடக்கில் மீவாட்ன், தெட்டிஃபோஸ், கோதாஃபோஸ் அருவிகள், திமிங்கிலம் பார்க்கப் படகு கிளம்பும் ஹூசவிக் எல்லாம் வட்டம் போட்டால்தான் கிடைக்கும். கிழக்கில் கடல் விரல்விரலாக உள்ளே புகுந்திருக்கும் ஃபியோர்டுகளில் சாலை ஒரு மலையின் காலைச் சுற்றிக்கொண்டு போகும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கிளம்பிய இடம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியும். தெற்கில் இருக்கிற பேருந்துக் கூட்டம் அங்கே இல்லை. எனக்குப் பிடித்த ஐஸ்லாந்து அதுதான்.

பாதி என்று நான் சொல்வது தெற்குக் கரையோரமாகத் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஹோப்ன் ஊர் வரை போய் அதே சாலையில் திரும்புவதை. ரெய்க்யவிக்கிலிருந்து விக் கிராமம் சுமார் 190 கிலோமீட்டர், அங்கிருந்து ஹோப்ன் சுமார் 270. போக வர 920. இந்தக் கோட்டின் மேலேயே செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகள், கறுப்பு மணல் கடற்கரை, ஸ்காஃப்தாஃபெல் தேசியப் பூங்காப் பகுதி, பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி எல்லாம் வந்துவிடுகின்றன. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்தை மூடியிருக்கும் வாட்னாயோகுல் பனிப்பாளத்தின் நாக்குகள் சாலைக்குப் பக்கத்திலேயே இறங்கி நிற்கும். முழங்கால் வலி இருக்கிறவர்கள்கூட காரை விட்டு இறங்கி நூறு அடி நடந்து பனிக்கட்டி ஏரியைப் பார்த்துவிடலாம். வடக்கில் தெட்டிஃபோஸைப் பார்க்கவே கல்லும் முண்டுமான பாதையில் நல்ல நடை இருக்கிறது.

"அதே ரோட்டுல திரும்புறதா?" என்று மச்சான் முகம் சுளித்தது போனிலேயே தெரிந்தது. கோயிலைச் சுற்றினால் முழுதாகச் சுற்ற வேண்டும், பாதியில் திரும்பக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த வட்டமே பழங்காலத்து வட்டம் இல்லை. 1974-ல்தான் அது மூடியது. அதற்கு முன் ஸ்கேதாரார்சாந்துர் என்ற பெரிய மணல்வெளியில் பனிப்பாள ஆறுகளைக் கடக்கப் பாலம் கிடையாது. ஹோப்ன்காரர்கள் தலைநகரத்துக்குச் சாலை வழியாக வர வேண்டுமானால் வடக்கே சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். 1996 நவம்பரில் பனிப்பாளத்துக்கு அடியில் எரிமலை வெடித்ததால் பெருகிய வெள்ளம் அந்தப் பாலங்களில் ஒன்றை அடித்துக்கொண்டு போய், இன்னொன்றையும் உடைத்தது. முறுக்கிய இரும்பு உத்தரங்கள் இரண்டு ஸ்காஃப்தாஃபெல் பக்கம் சாலையோரம் இன்னும் கிடக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். தண்ணீருக்கு அவ்வளவு பலம் உண்டா என்று அவர்களே கேட்பார்கள்.

திரும்பி வரும் சாலை அதே சாலை மாதிரி இருக்காது என்பது இன்னொன்று. காலையில் மேகத்துக்குள் இருந்த மலை மாலையில் வெளியே வந்திருக்கும். போகும்போது மழையில் தவறவிட்டதை வரும்போது பார்க்கலாம். வட்டத்தில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. வானிலை இவ்வளவு சீக்கிரம் புரளும் ஊரில் எனக்கு அதுதான் பாதி வழியின் பெரிய லாபமாகப் படுகிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வடக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ரெய்க்யவிக்கின் உள்நாட்டு விமான நிலையத்திலிருந்து வடக்கு ஊரான ஆகுரேரிக்கு முக்கால் மணி நேரத்தில் பறந்து, அங்கே கார் எடுத்து மீவாட்ன், தெட்டிஃபோஸ், ஹூசவிக் என்று மூன்று நாள் சுற்றலாம். ஏற்கெனவே தெற்கைப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை போனால் இதைத்தான் சொல்வேன். முதல் தடவை போகிறவர்களுக்கு வேண்டாம்.

ராத்திரிக் கணக்கில் என் அளவுகோல் இது: ஐந்து வரை இருந்தால் விக் தாண்ட வேண்டாம். அதற்குப் பதில் மேற்கே ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு, ஏழு என்றால் ஹோப்ன் வரை. எட்டு என்றால் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும், பிள்ளைகள் இல்லாத கூட்டத்துக்கு வட்டம் முடியும். பத்துக்கு மேல் என்றால் யாரானாலும் வட்டம் போடுங்கள், தயங்க வேண்டாம்.

வேனா, காரா

படங்களில் வேன்தான் அழகு. பின்கதவைத் திறந்தால் மலை, கையில் காபி. அதில் பொய் இல்லை, அப்படியான காலைகள் எங்களுக்கும் இரண்டு கிடைத்தன. ஏழில் இரண்டு.

வேனின் உண்மையான லாபம் பணத்தில் இல்லை, சுதந்திரத்தில் இருக்கிறது. அறை முன்பதிவு இல்லாததால் வானிலை எங்கே நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம். தெற்கில் மூன்று நாள் மழை என்றால் வடக்கில் வெயில் அடிப்பது அங்கே சகஜம். ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேனில் படுப்பதானால் முறையான முகாம்தளத்தில்தான் படுக்க வேண்டும் என்பது சட்டம். தளத்துக்கு ஆளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம், மூவாயிரம் குரோனா ஆகும். குளிக்கத் தனிக்காசு கேட்கும் இடங்களும் உண்டு. செப்டம்பர் நடுவில் பல தளங்கள் மூடிவிடும். வேன் வாடகையும் கோடையில் சின்னக் காரைவிட நன்றாகவே கூடுதல். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரண்டு பேருக்கு வேனும், கார் கூடவே பொதுச் சமையலறை உள்ள எளிய விடுதியும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்.

ஐந்து பேருக்கு வரும் கணக்கே வேறு. ஐந்து பேர் படுக்கும் வண்டி என்றால் அது வேன் இல்லை, நடமாடும் வீடு. உயரமான அந்தப் பெட்டியைத் தெற்குக் கரைக் காற்றில் ஓட்டுவது என்னைப் போன்ற ஆளுக்குச் சரிப்படாது. கார் ஓட்டுபவருக்குச் சங்கடமாக இருக்கும் காற்று இந்த வண்டியைச் சாலையை விட்டே தள்ளிவிடும். எச்சரிக்கை வந்தால் நாள் முழுவதும் நிறுத்தியே வைக்க வேண்டும். அப்புறம் அத்தை. ராத்திரி இரண்டு மணிக்கு, நான்கு டிகிரி குளிரில், ஈரப் புல்லில் நடந்து கழிப்பறைக்குப் போக வேண்டும். இதை மச்சானிடம் சொன்னதும் அவனே, "சரி, வேன் வேணாம்" என்றான்.

அறை போடுவதில் ஒரு தொல்லை, முன்பதிவு. தெற்கில் விக் முதல் ஹோப்ன் வரை விடுதிகள் எண்ணிச் சொல்கிற அளவுதான். கோடையில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைப்பது யானை விலை. ஐந்து பேர் ஒரே கூரைக்கு கீழ் படுக்க வேண்டும் என்றால் பண்ணைவீடுகளையும் அடுப்போடு கூடிய குடில்களையும் நான்கைந்து மாதம் முன்பே பிடித்து வைக்க வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறையாகப் பாருங்கள். பத்து ரூபாய் கூடுதலாக ஆனாலும் ஐஸ்லாந்துக்கு அதுதான் லாபம்.

ஐரோப்பாவிலேயே இருக்கிறவர்களுக்கு ஒரு குறுக்குச் செய்தி: டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்திலிருந்து ஃபரோ தீவுகள் வழியாக ஐஸ்லாந்தின் கிழக்குக் கரைக்கு நோரோனா என்ற கப்பல் வருகிறது. சொந்தக் காரையே ஏற்றிக்கொண்டு போகலாம். நேரம் நிறைய இருந்தால் மட்டும்.

எந்த மாதம்

ஜூன், ஜூலையில் எல்லாம் திறந்திருக்கும், ராத்திரி இருட்டவே இருட்டாது. ஜூன் 21 வாக்கில் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவுக்கு அப்புறம் இறங்கி மூன்று மணிக்குள் ஏறிவிடும். எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பதினொரு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றுதான் என்பது பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்.

செப்டம்பரில் பகல் சுமார் பதிமூன்று மணி நேரம். துருவ ஒளி தெரிய ஆரம்பிக்கும், விலை இறங்கும், மழையும் காற்றும் ஏறும். ராத்திரி இருட்ட வேண்டும் என்பதால் ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் பாதி வரைதான் துருவ ஒளி. நடுக்கோடையில் போய்விட்டு அதைத் தேடினால் கிடைக்காது.

குளிர்காலத்தில் தனியாக ஓட்டிக்கொண்டு வட்டம் போடுவதை எனக்குத் தெரிந்த யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பரில் வெளிச்சம் நான்கு மணி நேரம். கண்ணாடி மாதிரி பனிப்படலம் மூடிய சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பனிக்குகைகள் பார்க்க ஆசையென்றால் ரெய்க்யவிக்கிலிருந்து வழிகாட்டியோடு பேருந்தில் போங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் பொதுவாக மே மாதம்தான் வாய்க்கும், அது ஒன்றும் மோசமான மாதம் இல்லை. மே நடுவில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். ஜூலையின் நெரிசல் இன்னும் தொடங்கியிருக்காது. ஆரஞ்சு மூக்குப் பஃபின் பறவைகள் பாறைகளுக்குத் திரும்பியிருக்கும். ஆகஸ்ட் பாதிக்கு மேல் அவை கடலுக்குப் போய்விடும். குறை என்ன? நடுநாட்டு மலைச் சாலைகள் மூடிக் கிடக்கும். வடக்கிலும் கிழக்கிலும் மலைக்கணவாய்களில் மே மாதத்திலும் பனி விழலாம். தெற்கோடு திரும்புகிறவர்களுக்கு இரண்டுமே பெரிதாக உறைக்காது. பாதி வழிக்கு இது இன்னொரு காரணம்.

வலமா, இடமா

இது வட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும். பெரும்பாலானோர் தெற்கில் தொடங்கி கிழக்கு, வடக்கு என்று இடமாகச் சுற்றுகிறார்கள். அங்கே சாலையின் வலப்பக்கத்தில் ஓட்ட வேண்டும் என்பதால் இடமாகச் சுற்றினால் கடல் நம் பக்கம் இருக்கும், ஒதுங்கி நிறுத்த வசதி. முதல் மூன்று நாளிலேயே பெரிய காட்சிகள் எல்லாம் வந்துவிடுகிற குறையும் அதில் உண்டு. கடைசி நாள் ஆகுரேரியிலிருந்து ரெய்க்யவிக் வரை சுமார் 390 கிலோமீட்டர் வெறும் ஓட்டம்.

நான் இரண்டாம் தடவை வலமாகச் சுற்றினேன், அத்தை கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நீண்ட ஓட்டத்தை உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்தோம். காட்சிகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. கடைசி இரண்டு நாள் விமான நிலையத்துக்கு அருகிலேயே இருந்ததால் புயல் வந்தாலும் விமானத்தை விட்டுவிடும் பயம் இல்லை. ஆனாலும் கிளம்பும் முந்தின ராத்திரி வானிலை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அறைகளை முன்பே போட்டுவிட்டவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை என்பதும் உண்மை.

எந்தக் கார், எந்தக் காப்பீடு

வட்டச் சாலை 2019 முதல் முழுக்கத் தார். கோடையில் சாதாரண இருசக்கர இயக்கக் கார் போதும், நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. எண்ணுக்கு முன் எஃப் என்ற எழுத்து போட்ட மலைச் சாலைகளுக்கு மட்டும் நான்கு சக்கர இயக்கம் கட்டாயம், அவையும் ஜூன் பாதிக்கு மேல்தான் திறக்கும். சாலையை விட்டு இறங்கி மண்ணிலும் பாசியிலும் ஓட்டுவது எந்த வண்டியானாலும் குற்றம், அபராதம் கடுமை. அந்தப் பாசி திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஐந்து பேருக்கு ஐந்து சீட் கார் என்று முடித்துவிடாதீர்கள். பெட்டிகள் எங்கே போகும்? 135 சென்டிமீட்டருக்குக் குட்டையான பிள்ளைகளுக்கு அவர்களுக்கான இருக்கை கட்டாயம். இரண்டு இருக்கைகளைப் பின்னால் போட்டால் நடுவில் அத்தை ஒடுங்கித்தான் உட்கார வேண்டும். ஏழு சீட் வண்டியே சரி. ஆட்டோமேட்டிக் கியராகப் பிடியுங்கள். இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையால் கியர் போடப் பழக இரண்டு நாள் ஆகும், அந்த இரண்டு நாளை அங்கே போய்ச் செலவழிக்க வேண்டாம்.

காப்பீட்டில் அடிப்படையானது வாடகையோடு வரும், அதில் நம் பங்குத் தொகை பெரிது. அதைக் குறைக்கும் கூடுதல் காப்பீடு எடுக்கலாம். எதிரே வரும் வண்டி தெறிக்கும் சரளைக்கல்லுக்கான காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள், முன்கண்ணாடியில் ஒரு கல் பட்டாலே அதன் காசு திரும்பிவிடும். தெற்குக் கரையில் மணல்புயல் வண்டியின் பெயின்டையே உரித்துவிடும் என்பதால் மணல்–சாம்பல் காப்பீடும் தேவை. ஆற்றில் இறக்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பொதுவாக எந்தக் காப்பீடும் கைகொடுக்காது.

காற்று கதவைப் பிடுங்கினாலும் பெரும்பாலும் அப்படித்தான். விக் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் என் நண்பன் சாதாரணமாகக் கதவைத் திறந்தான். காற்று அதை வாங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. மீதிப் பயணம் முழுக்கக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினோம். வாடகைக் கம்பெனியில் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார்கள். காற்றை நோக்கி வண்டியை நிறுத்துங்கள், ஒரு கை கதவின் மேல் இருக்கட்டும், பிள்ளைகளைத் தாங்களாகத் திறக்க விடாதீர்கள்.

சாலைப் பழக்கங்களில் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருப்பவை மூன்று. இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, அவர் வெளியேறும்போது வெளிவட்டத்தில் இருக்கும் நாம் விட வேண்டும். ஒற்றை வழிப் பாலங்களில் முதலில் நெருங்கியவர் போவார், மற்றவர் நின்று கையசைப்பார். ஹாரன் அடித்து முந்தும் பழக்கத்தை கெஃப்லவிக்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முகப்பு விளக்கு பட்டப்பகலிலும் எரிய வேண்டும்.

பெட்ரோல் பங்க்குகள் பல ஆளில்லாதவை. நான்கு இலக்க ரகசிய எண் உள்ள கார்டு இல்லாமல் குழாய் திறக்காது. வட்டம் போடுகிறவர்கள் கிழக்கில் எகில்ஸ்ஸ்தாதிர் ஊரில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், மீவாட்ன் வரை 160 கிலோமீட்டருக்கு மேல் வெறும் வெளி. அருவிகளுக்குக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தத்துக்குப் பல இடங்களில் உண்டு. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், அன்றைக்கே ஆப்பில் கட்டிவிடுங்கள். விட்டால் வாடகைக் கம்பெனி தன் கூலியையும் சேர்த்து பில் அனுப்பும்.

காகிதங்கள்: ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் என்ற பொது விசா வட்டாரத்தில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைக்காது. ஊர் லைசென்ஸோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துப் போங்கள்.

சோறு

வெளியே சாப்பிட்டுக்கொண்டே ஐந்து பேர் ஏழு நாள் ஓட்டினால் விமான டிக்கெட்டுக்கு இணையான செலவு ஆகிவிடும். அடுப்புள்ள அறையாகப் பிடித்து, பன்றிப்படம் போட்ட போனுஸ் கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கிப் பொங்குவதுதான் வழி. ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். உணவுப்பொருளுக்கு எடை வரம்பு உண்டு, மாமிசம் கூடாது. குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஊற்றுநீர், அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். வெந்நீர்க் குழாயில் பல ஊர்களில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், பூமிக்கடியிலிருந்து வருவதால் வரும் கந்தக வாடை அது. குளிக்கக் கெடுதல் இல்லை. சோற்றுக்கு மட்டும் குளிர்ந்த குழாயில் பிடித்து உலையை வையுங்கள்.

சைவக்காரர்களுக்கு வெளியே கிடைப்பது சூப், ரொட்டி, ஸ்கீர் என்கிற கெட்டித் தயிர். தயிர்சாதத்துக்கு அந்த ஸ்கீரைக் கொஞ்சம் பாலில் கரைத்தால் ஓரளவு ஒத்துவரும்.

மாலையில் ஊர் நீச்சல்குளத்துக்குப் போவதைத் தவறவிடாதீர்கள். சின்னக் கிராமத்தில்கூட வெந்நீர்த் தொட்டியோடு குளம் இருக்கும். விளம்பரத்தில் வரும் நீலத் தடாகத்தின் கட்டணத்தில் சின்ன பங்குதான். உள்ளே போகுமுன் துணியில்லாமல் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும் என்பது விதி, ஆண் பெண் தனித்தனியாகத்தான். அத்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு என்றேன். முழங்காலுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

கடைசியில் மச்சானுக்குப் போட்டுக் கொடுத்தது இப்படி: மே மாதம், ஏழு சீட் ஆட்டோமேட்டிக். முதல் ராத்திரி கெஃப்லவிக் பக்கத்திலேயே. மறுநாள் திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குட்ல்ஃபோஸ் அருவி பார்த்துவிட்டு செல்ஃபோஸ் அருகே ஒரு ராத்திரி, அடுத்தது விக், பனிக்கட்டி ஏரிக்கும் ஹோப்னுக்கும் நடுவே ஒரு பண்ணைவீட்டில் இரண்டு, திரும்பும் வழியில் ஹெட்லா பக்கம் ஒன்று, கடைசி ராத்திரி ரெய்க்யவிக். நாளுக்கு இருநூற்றைம்பதைத் தாண்டாத ஓட்டம்தான் பெரும்பாலும். விக் கடற்கரையில் அலை திடீரென்று ஏறிவந்து ஆட்களை இழுத்துப்போயிருக்கிறது. பிள்ளைகளின் கையை விடாதே, கடலுக்கு முதுகு காட்டாதே என்று இரண்டு தடவை சொன்னேன். தினமும் காலையில் சாலை நிலவரத்துக்கான அரசுத் தளத்தையும் வானிலையையும் பார்த்துவிட்டுச் சாவியைத் தொடு, ஆபத்துக்கு 112 என்றும் எழுதி அனுப்பினேன்.

நேற்று பண்ணைவீட்டு முன்பதிவை அனுப்பியிருந்தான். இரண்டு ராத்திரி, அடுப்பு உண்டு. கீழே ஒரு வரி: "அம்மா குக்கர் எடுத்துட்டு வரேங்குது, அங்க பிளக் சேருமா?" நம் ஊர்ப் பெரிய மூன்று முள் பிளக் அங்கே சேராது, மின்னழுத்தம் மட்டும் சேரும். அடாப்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். குக்கருக்குத் தாங்குகிற தடிமனாகப் பார்த்து.